பாங்காக் ஏர்போர்ட்டில் “இன்னைக்கு ட்ரெயின் இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

பாங்காக் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பிரதுனாமில் இருந்த எங்கள் ஓட்டலுக்கு நானும் மச்சானும் கொடுத்தது 1,700 பாட். ரயிலில் போயிருந்தால் ஆளுக்கு 40 பாட், இரண்டு பேருக்கும் சேர்த்து 80. நாங்கள் போனபோது ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல் இருந்தது. மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு வயிறு எரிகிறது.

மச்சானுக்குக் கோபியில் குழந்தைகள் துணிக்கடை. பிரதுனாம் என்றால் பாங்காக்கின் மொத்தத் துணிச்சந்தை. சந்து சந்தாகக் கடைகள். திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால், “டிசைன் பாக்க வேண்டாமா மாப்பிள்ளை?” என்பார். சரி, அது அவர் தொழில். வழி விசாரிப்பது என் வேலை, பணம் கொடுப்பது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

என் வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். ஒரு துண்டுத்தாளில் ‘கீழ்த்தளம், ஏர்போர்ட் ரெயில் லிங்க், ராச்சப்ராரோப் ஸ்டேஷன்’ என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தெரியாமல் ஏமாந்தால் பரவாயில்லை. பையில் வழியை வைத்துக்கொண்டே ஏமாந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

சென்னையிலிருந்து ராத்திரி விமானம். தூங்கவில்லை. இமிகிரேஷன் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது காலை ஏழு மணி. வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. அங்கே நீலக் கோட்டு போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. அதன் புகைப்படப் பக்கம் அவர் நெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அப்போதே பார்த்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

“பிரதுனாம்?” என்று அவரே கேட்டார். நாங்கள் சொல்லவே இல்லை. நம் ஊர் முகத்தைப் பார்த்தால் பிரதுனாம் இல்லையென்றால் பட்டாயா என்பது அவர்களுக்கு மனப்பாடம் போல. நான் “ட்ரெயின்” என்றேன். உடனே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, “டுடே சண்டே. ட்ரெயின் நோ” என்றார். அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்குத்தான் 1,700 பாட்.

அவர் விலையில் பொய் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை நீட்டினார். அதில் பிரதுனாம் 1,500 என்று அழகாக அச்சடித்திருந்தது, டோல் உட்பட என்றும் சொன்னார். பொய், ரயில் இல்லை என்பது மட்டும்தான். அதை நம்பிவிட்டால் மற்றதெல்லாம் நியாயமாகவே தெரியும். நான் தயங்கினேன். மச்சானுக்கு உள்ளூரச் சந்தோஷம். “இந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ட்ரெயின்லயா மாப்பிள்ளை? விடுங்க, கார்லயே போயிரலாம்.” பெரியவர் சொல்லும்போது அதற்கு மேல் பேச முடியவில்லை. பேசியிருக்க வேண்டும்.

பார்க்கிங்கில் நின்றது வெள்ளி நிறக் கார். கூரையில் டாக்ஸி போர்டு இல்லை, உள்ளே மீட்டர் இல்லை, நம்பர் பிளேட் வெள்ளை. அங்கே டாக்ஸிகளுக்கு மஞ்சள் பிளேட் என்பது பிறகுதான் தெரிந்தது. கோட்டுக்காரர் 1,500-ஐ வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஓட்டியது வேறு ஆள். டோல் வந்ததும் வண்டியை மெதுவாக்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் பின்னால் நீட்டி “டோல், டோல்” என்றார். அதெல்லாம் சேர்த்துத்தானே என்றால், “ஹி ஈஸ் ஹி. மீ ஈஸ் மீ.” தத்துவம் சரிதான். 100 பாட் போனது.

ஓட்டல் வாசலில் இன்னொன்று. டிக்கி திறக்கவில்லை. டிரைவர் இறங்கி, டிக்கிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பெட்டிக்கு 50, இரண்டு பெட்டிக்கு 100. எங்கள் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், துணிமணி, அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு எல்லாம் உள்ளே. மச்சான் ஒன்றும் பேசாமல் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அறை ஆறாவது மாடியில். திரையை விலக்கினேன். எதிரே தூண்களின்மேல் ஒரு ரயில் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மச்சான் பின்னால் வந்து நின்று, “அது என்ன ட்ரெயின் மாப்பிள்ளை?” என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்த துண்டுத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அன்று முழுக்க அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொன்னோம். சுற்றுலாப் போலீஸுக்கு 1155, டாக்ஸி புகாருக்கு 1584 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, “கார் நம்பர்?” என்றார். வெள்ளி நிறம் என்பதைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எந்தச் சிலையைப் பார்த்தாலும் போட்டோ எடுக்கிற நாம், ஏறுகிற வண்டியை எடுப்பதில்லை.

இனி ரயில் விஷயம். 2010-லிருந்து ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. காலை ஆறு மணி வாக்கில் தொடங்கி நள்ளிரவு வரை. இரண்டாம் தளத்தில் யார் கூப்பிட்டாலும் நிற்காமல், ரயில் படம் போட்ட பலகையைப் பார்த்துக் கீழே இறங்கிக்கொண்டே இருங்கள். தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது ஸ்டேஷன். பணம் மாற்றாமல் கொஞ்சம் பொறுங்கள். மேலே இருக்கும் கவுண்டர்களைவிட, கீழே ரயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மாற்றுக் கடைகளில் நல்ல விலை கிடைக்கும். நாங்கள் மேலேயே மாற்றி அதிலும் கொஞ்சம் விட்டோம். டிக்கெட் என்பது வட்டமான பிளாஸ்டிக் டோக்கன். உள்ளே போகும்போது தொட்டுக் காட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். மொத்தம் எட்டு ஸ்டேஷன், 15 பாட்டிலிருந்து 45 வரை. பிரதுனாமுக்கு ராச்சப்ராரோப், கடைசிக்கு முந்தியது. அரை மணி நேரம்கூட ஆகாது. சிலோம் மாரியம்மன் கோயில் பக்கம் தங்குகிறவர்கள் கடைசி ஸ்டேஷனான பயா தாய்வரை போய், பிடிஎஸ் என்கிற மேம்பால ரயிலில் ஏறி, சியாம் ஸ்டேஷனில் மாற வேண்டும். சுகும்வித் பக்கம் என்றால் மக்கசானில் இறங்கி, பாலம் வழியாகப் பெட்சபுரி மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்தால் அங்கிருந்து ஒரே ஸ்டாப்.

ரயிலில் எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். வேலைக்குப் போகிற நேரத்தில் வழியிலேயே கூட்டம் ஏறிவிடும், பெரிய பெட்டியோடு கதவருகே நின்றால் முறைப்பார்கள். ராச்சப்ராரோப்பில் இறங்கினால் நடைபாதை மேடு பள்ளம், பாதி இடத்தில் தள்ளுவண்டிக் கடை. மூன்று நாலு பேர், வயதானவர்கள், நிறையப் பெட்டி என்றால் நானே டாக்ஸியைத்தான் சொல்வேன். ஆனால் அது முதல் தளத்தில், வெளியே இருக்கிற பொது டாக்ஸி வரிசை. மெஷினில் சீட்டு எடுங்கள், அதில் இருக்கிற எண்ணுள்ள தடத்தில் வண்டி நிற்கும். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதோடு விமான நிலையக் கட்டணம் 50, டோல் நம் செலவு. எல்லாம் சேர்ந்தாலும் சாதாரண நெரிசலில் பிரதுனாமுக்கு நாங்கள் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. டிரைவர் அந்தச் சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். புகார் என்று போனால் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

இன்னொன்று, மலிவு விமானங்கள் சில தோன் முவாங் என்கிற பழைய விமான நிலையத்தில் இறங்கும். அங்கே இந்த ரயில் கிடையாது. பிரதுனாமுக்கு ஏ3 பஸ், 50 பாட். டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“மாய் ஆவ்” என்றால் தாய் மொழியில் ‘வேண்டாம்’. அதைக் கற்றுக்கொண்டது மூன்றாம் நாள், ஒரு பெல்ட் வியாபாரியிடம். முதல் நாளே தெரிந்திருக்கலாம்.

திரும்பும்போது ரயிலில்தான் வந்தோம். சாம்பிள் துணி வாங்கிப் பெட்டி இன்னும் கனமாகியிருந்தது. மச்சான் வாய் திறக்காமல் உருட்டிக்கொண்டு வந்தார். புறப்பாடு நாலாம் தளத்தில். எஸ்கலேட்டரில் மேலே போகும்போது, இரண்டாம் தளத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர், கைக்குழந்தையோடு நின்ற ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா தலையில் வாடிப்போன மல்லிகை. மச்சான் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு நேராக அவர்களிடம் போனார். “ட்ரெயின் கீழ இருக்குதுங்க தம்பி. நாப்பது பாட்டுத்தான். நான் இப்ப அதுலதான் வந்தேன்.” கையிலிருந்த ரெயில் லிங்க் வரைபடத்தையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார்.

அட்டைக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். மச்சான் “மாய் ஆவ், மாய் ஆவ்” என்றபடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.