பழைய காருக்கு எந்த ஸ்டார்ட்டர்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு எஞ்சின் அசையாமல் நின்றால், பழைய கார் வைத்திருப்பவர்களின் மனம் உடனே புதிய ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தாவிவிடுகிறது. மோரிஸ் மைனர், மினி, எம்ஜிபி போன்ற கார்களுக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. காரோடு வந்த லூக்காஸ் நிறுவன ஸ்டார்ட்டரைப் பிரித்துச் சரிசெய்யலாம். அதைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே புதுப்பித்து வைத்திருக்கும் இன்னொன்றை வாங்கலாம். அல்லது சிறிய மோட்டாரும் உள்ளேயே பல்சக்கரங்களும் கொண்ட கியர் ஸ்டார்ட்டரைப் பொருத்தலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பழைய கார் பிரியர்கள் பலர் கியர் ஸ்டார்ட்டரைத்தான் தூக்கிவைத்துப் பேசுவார்கள். சிங்கப்பூரில் ஓடும் காருக்கு முதல் வழிதான் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் நம் வெயில்தான். பனிக்காலக் காலையில் எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சின் இறுகிப்போகும் ஊர்களில், அதைச் சுற்ற ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் வலு வேண்டும். இங்கே விடியற்காலையில்கூட எண்ணெய் இளகியே இருக்கும். 1098 சிசி மைனர் எஞ்சினைச் சுற்றுவது நல்ல நிலையில் இருக்கும் லூக்காஸ் மோட்டாருக்குப் பெரிய வேலையே இல்லை.

ஆனால் ஸ்டார்ட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் மின்சாரம் அதுவரை ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் உள்ள கார்கள் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறங்கலாம். மீதி நாள்களில் நிறுத்துமிடத்தில் கிடக்கும் காருக்குப் பேட்டரி இறங்குவதும், ஈரக்காற்றில் வயர் முனைகள் பூத்துப்போவதும் வாடிக்கை. எஞ்சினைச் சுற்றும்போது பேட்டரியின் முனைகளில் மீட்டரை வையுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் வர வேண்டும். அது சரியாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உடலிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (காரின் உடலோடு இணைந்த முனை) வைத்து மறுபடி சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். பத்து வெள்ளிகூடச் செலவாகாத இந்த வேலையிலேயே பல ஸ்டார்ட்டர்கள் உயிர்பெற்றுவிடுகின்றன.

இரண்டும் சரியாக இருந்தும் மோட்டார் சோர்ந்தால், கழற்றி மேசைமேல் வைத்துப் பிரிக்க வேண்டியதுதான். உள்ளே முதலில் கண்ணில் படுவது கார்பன் தூள்; பின்மூடியின் உட்புறம் முழுக்கக் கரி அப்பியிருக்கும். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் நான்கு கார்பன் பிரஷ்களும் தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங் அழுத்த ஒன்றுமில்லாமல் நிற்கும். அவற்றை மாற்றுவது எளிது, ஒரு நுணுக்கம் தவிர: பல லூக்காஸ் மோட்டார்களில் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயில் அலுமினியத்தால் ஆனது. அதன்மேல் நேரடியாகப் பற்றவைத்தால் ஈயம் ஒட்டாது. பழைய பிரஷ்ஷின் செப்பு வயரில் கொஞ்சம் விட்டு வெட்டி, அந்தத் துண்டின்மேல்தான் புதியதைப் பற்றவைக்க வேண்டும். பிரஷ்கள் உரசும் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டரை மெல்லிய கண்ணாடித் தாளால் தேய்க்கலாம். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும். டைனமோவில் செய்வதுபோல் செப்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைக் கீறிப் பள்ளமாக்குவதும் இங்கே கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ்ஷை. சிங்கப்பூரின் உபி வட்டாரப் பட்டறை ஒன்றில், வாழ்நாள் முழுக்க ஆர்மேச்சருக்கு (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) கம்பி சுற்றிய பெரியவர் ஒருவர், மோட்டாரின் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டியபடி சொன்னார்: “தம்பி, பிரஷ் தேய்ந்தால் மாற்றிவிடலாம். புஷ் தேய்ந்ததை விட்டுவைத்தால் ஆர்மேச்சரே போய்விடும்.” புஷ்ஷின் துளை பெரிதானால் தண்டு சாய்ந்து, சுழலும் ஆர்மேச்சர் வெளிச்சுற்றின் இரும்பில் உரசும். உரசிய இடத்தில் பளபளவென்று கோடுகள் தெரியும். வாசனை பிடித்தாலே காயில் கருகியதும் தெரிந்துவிடும். புதிய வெண்கல புஷ்ஷை அப்படியே அடித்து இறக்கக்கூடாது; எஞ்சின் எண்ணெயில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தால்தான் அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஏறும். எஞ்சினைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியன் ஓடும் திருகுத் தண்டுக்கு மட்டும் கிரீஸ் தடவ வேண்டாம். கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பசையாகி, பினியன் வெளியே வராமல் மோட்டார் வெறுமனே சுழலும்.

இவ்வளவும் செய்தால் அந்த ஸ்டார்ட்டர் இன்னும் பல ஆண்டுகளுக்கு உழைக்கும். காரின் உண்மையான உறுப்பு காரிலேயே இருக்கும் என்பதும் எனக்குப் பெரிய காரியம். ஆர்மேச்சர் கருகியிருந்தால்தான் இந்தக் கணக்கு மாறும். திரும்பச் சுற்றும் பட்டறைகள் குறைந்துவருவதால் கூலியும் காத்திருப்பும் கூடிவிடும்.

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்து வாங்கும் இந்த முறை, பழைய மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தால் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கில் நடப்பது. கனத்த இரும்பை இங்கிருந்து பிரிட்டனுக்கு அனுப்பும் செலவில் அந்த முன்பணம் கரைந்துவிடும். வரும்போது சரக்குக் கட்டணத்தோடு 9% பொருள் சேவை வரியும் சேரும். வெளியே கறுப்புப் பெயின்ட் மின்னும். உள்ளே புஷ் மாற்றினார்களா என்பது பிரித்தால்தான் தெரியும். பிரித்துப் பார்ப்பதென்றால் நம்முடையதையே பிரித்திருக்கலாமே!

கியர் ஸ்டார்ட்டருக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். எடை குறைவு, இழுக்கும் மின்சாரமும் குறைவு. வாரக்கணக்கில் நின்று சோர்ந்த பேட்டரியிலும் எஞ்சினை விறுவிறுவென்று சுற்றும். பழைய இனர்ஷியா வகையில் சுழலும் பினியன், எஞ்சினின் கனத்த சக்கரமான ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங் கியரில் போய் மோதும். இதில் சொலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்ச் பினியனை முதலில் பல்லோடு சேர்த்துவிட்டு அதன்பிறகே முழு வலுவோடு சுழற்றும். அழுத்த விகிதம் கூட்டிய எஞ்சினுக்கும், புகைக்குழாயை ஒட்டி ஸ்டார்ட்டர் வெந்துகொண்டிருக்கும் காருக்கும் நானே இதைத்தான் போடச் சொல்வேன். மைனரில் புகைக்குழாய் ஒரு பக்கம், ஸ்டார்ட்டர் மறுபக்கம். அந்தத் தொல்லையே இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் எர்த் முறை. மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்கள், பேட்டரியின் பாசிட்டிவ் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த்தில் வந்தவை. பழைய லூக்காஸில் ஃபீல்டும் காயில்தான் என்பதால் பேட்டரியை எப்படி இணைத்தாலும் ஒரே திசையில் சுழலும். நிலைக்காந்தம் வைத்த கியர் ஸ்டார்ட்டரோ, முனை மாறினால் திசை மாறிவிடும். எஞ்சினைச் சுற்றாது. காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். இன்னொன்று: பழைய சொலினாய்டை அப்படியே வைத்து, புதிய மோட்டாரின் இரு முனைகளையும் ஒரே வயரில் இணைப்பது சிலரின் குறுக்குவழி. சாவியை விட்ட பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் நிலைக்காந்த மோட்டார் தானே மின்சாரம் பிறப்பித்து, பினியனை உடனே விடாமல் பிடித்துக்கொள்ளும். ‘கிர்ர்’ என்று இழுக்கும் சத்தம் அதனால்தான். சொலினாய்டுக்குத் தனி வயர் இழுத்தால் தீர்ந்துவிடும்.

காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினாலும் பொருந்தாமல் போகலாம். எம்ஜிபியை எடுத்துக்கொள்ளுங்கள்: 1967 இறுதியில் வந்த இரண்டாம் வகையில் எர்த் முறையும் மாறியது, ஸ்டார்ட்டர் வகையும் மாறியது. ரிங் கியரில் உள்ள பற்களின் எண்ணிக்கையும், பற்களின் ஓரம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதும் பினியனோடு ஒத்துப்போக வேண்டும்.

எனவே ஸ்டார்ட்டரைக் கழற்றிய கையோடு அந்தத் துளைக்குள் விளக்கடித்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, ரிங் கியரை முழு வட்டமும் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும்; பற்கள் தேய்வதும் அங்கேதான். அங்கே பற்கள் மழுங்கியிருந்தால் மூன்றில் எதை வாங்கினாலும் பினியன் பிடிக்காமல் வழுக்கும். பழைய ரிங்கைக் கழற்றி, புதியதைச் சூடேற்றி ஃபிளைவீலில் ஏற்ற வேண்டும். அதற்குப் பல கார்களில் எஞ்சினை வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் கிளட்ச் தட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியதில்லை.