சிறிய காரில் பின்னோக்கிய குழந்தை இருக்கை: கூடையா, கன்வெர்டிபிளா, சுழலும் இருக்கையா?

மாருதி ஆல்டோ கே10 காரில் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 2,380 மில்லிமீட்டர். டியாகோவில் அது 2,400, வேகன் ஆரில் 2,435, ஸ்விஃப்டில் 2,450. நம் தெருக்களில் அதிகம் ஓடும் இந்தச் சிறிய கார்களுக்கு இடையிலான வேறுபாடு நான்கு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். குழந்தை இருக்கை வாங்கப் போகிறவர்களிடம் கடையில் மெத்தையைப் பற்றியும் அகலத்தைப் பற்றியும் சொல்வார்கள். ஆனால் குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி, பின்னோக்கிப் பொருத்தும் இருக்கைக்குச் சிறிய காரில் இடிப்பது அகலம் அன்று, நீளம். பின்சீட்டின் முதுகிலிருந்து முன்சீட்டின் முதுகு வரை உள்ள இடத்தை வைத்துத்தான் மூன்று வகைகளையும் நான் இங்கே ஒப்பிடுகிறேன்.

பின்னோக்கி ஏன் என்ற கேள்வியை இன்னும் பல வீடுகளில் கேட்கிறார்கள். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; அதைத் தாங்கும் கழுத்தோ இன்னும் முற்றாத எலும்பும் இளந்தசையும் கொண்டது. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் உடலை மோதலின்போது வார் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே வீசப்படும். பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கோ அதே விசை முதுகு, கழுத்து, தலை மூன்றிலும் பரவி இருக்கையின் கூட்டுக்குள் இறங்குகிறது. மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்ற நம்பிக்கையையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 5 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்தச் சராசரியாக 70 கிலோவைத் தூக்கும் விசை வேண்டும். எந்தத் தாயின் கையும் அந்தக் கணத்தில் அதைத் தராது.

முதல் வகை, கைப்பிடியோடு தூக்கிச் செல்லக்கூடிய கூடை. 13 கிலோ வரை என்று குறித்து விற்கப்படுபவை இவற்றில் அதிகம். கூடு சிறியதாக இருப்பதால், மூன்றில் மிகக் குறைந்த நீளத்தை எடுத்துக்கொள்வது இதுதான். காரின் சீட் பெல்ட்டைக் கொண்டே பொருத்தலாம் என்பதால், வாடகைக் காரில் மருத்துவமனைக்குப் போகும்போதும் பயன்படும். அடித்தளத்தோடு மட்டுமே பொருத்த வேண்டிய மாதிரிகளும் இருப்பதால், கையேட்டை வாங்குவதற்கு முன்பே படிக்க வேண்டும். பெல்ட் கூட்டின் முதுகைச் சுற்றி வர வேண்டியிருப்பதால், சில பழைய கார்களில் பெல்ட்டின் நீளம் போதாமல் பக்கிள் எட்டாது. இதன் உண்மையான குறை எடை. நான்கு கிலோ கூடையும் ஐந்து கிலோ குழந்தையும் சேர்ந்த ஒன்பது கிலோவை, அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய் தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து தூக்கக் கூடாது. கூடையைக் காரிலேயே விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் எடுத்தால் அந்தச் சிக்கல் பெரிதும் குறையும்.

இரண்டாவது, முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் பொருத்தும் கன்வெர்டிபிள். ஒரே செலவில் நான்கு ஆண்டுகள் வரும் என்பதால் பெரும்பாலான குடும்பங்கள் இதையே தேடுகின்றன. ஆனால் சிறிய காரில் இதன் கடினமான காலம் தொடக்கம்தான். பிறந்த குழந்தையை ஏறத்தாழ 45 பாகை சாய்த்தே படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தினால் தாடை மார்பில் கவிழ்ந்து மூச்சுக்குழல் அடைபடக்கூடும். பெரிய கூட்டை அந்த அளவுக்குச் சாய்த்தால் அதன் தலைப்பகுதி முன்சீட்டின் முதுகில் முட்டும். எங்கள் வேகன் ஆரில் அப்படிப் பொருத்திப் பார்த்தபோது, முன்சீட்டை நகர்த்தியதில் என் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. அப்படி அமர்பவருக்கு ஏர்பேக்கும் ஆபத்தான நெருக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனால் குழந்தைக்குத் தலை நன்றாக நின்ற பிறகு, கையேடு அனுமதிக்கும் அளவுக்கு அதே இருக்கையை நிமிர்த்தலாம். அப்போது அது பிடிக்கும் நீளம் கண்கூடாகக் குறைகிறது. குழந்தை வளர வளர இடம் போதாமல் போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். சாய்வைப் பொறுத்தவரை நடப்பது நேர்மாறு.

மூன்றாவது, 360 பாகை சுழலும் இருக்கை. கதவுப்பக்கம் திருப்பி, குழந்தையை நேரே உட்காரவைத்து வார் பூட்டலாம் என்பது இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் பெரிய உதவி. ஆயினும் சுழலும் அடித்தளத்தின் மேல் கூடு உட்கார்வதால் குழந்தை உயரமாகவும் முன்தள்ளியும் அமர்கிறது. திரும்புவதற்கு முன்சீட்டின் பின்னே கூடுதல் இடைவெளியும் வேண்டும். பலவற்றின் எடை 12 கிலோவைத் தாண்டும். பெல்ட் இல்லாமலே இருக்கையைப் பூட்ட உதவும், பின்சீட்டில் உள்ள ஐசோஃபிக்ஸ் என்ற உலோகக் கொக்கி இல்லாத காரில் இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பொருத்தவே முடியாது. அடித்தளத்திலிருந்து கீழே நீளும் தாங்குகால் உள்ள மாதிரி என்றால், அது காரின் தளத்தில் உறுதியாக ஊன்ற வேண்டும். காலடியில் உள்ள பொருள் பெட்டியின் மூடிமேல் ஊன்றக் கூடாது. ஆல்டோ அளவுள்ள காருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்சீட்டில் பொருத்தினால் இடப்பிரச்சினை தீருமே என்று சிலர் நினைக்கிறார்கள். இயங்கும் ஏர்பேக்கின் முன்னே பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. விரியும் பை குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள கூட்டை நேரே அடிக்கும். நம் சிறிய கார்கள் பலவற்றில் அந்த ஏர்பேக்கை நிறுத்தும் சுவிட்சும் இல்லை. நம் குடும்பங்களில் தாய் பெரும்பாலும் பின்சீட்டில் குழந்தையின் அருகிலேயே அமர்வதால், இடப்பக்க முன்சீட்டைக் காலியாக விட்டு முன்னே தள்ளி, அதன் பின்னே இருக்கையைப் பொருத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும். நடைபாதைப் பக்கமே கதவு திறக்கும் என்பது கூடுதல் நன்மை.

ஆகவே மூவர் கொண்ட குடும்பத்துக்கு, முன்சீட் பெரும்பாலும் காலியாக இருக்குமானால், கன்வெர்டிபிள் ஒன்றே போதும். முன்சீட்டில் தினமும் ஒருவர் அமர்வார் என்றால், முதல் ஆண்டுக்குக் கூடையும் அதன்பின் நிமிர்த்திப் பொருத்தும் கன்வெர்டிபிளும்தான் என் தேர்வு. செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் இடம் போதவில்லை என்பதற்காக எட்டு மாதக் குழந்தையை முன்னோக்கித் திருப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தை இருக்கைகளுக்கான, உயரத்தை அடிப்படையாகக் கொண்ட ஐ.நா.வின் ஆர்129 விதி 15 மாதம் முடியும் வரை பின்னோக்கியே இருக்க வேண்டும் என்கிறது. ஸ்வீடனில் நான்கு வயது வரை அப்படியே அமர்த்துகிறார்கள். கால் மடங்கியிருக்கிறதே, பாவம் என்று உறவினர் சொல்வார்கள். குழந்தை சம்மணம் போட்டு வசதியாகவே உட்கார்ந்திருக்கும்.

வாங்கும் நாளில் காரையும் கடைக்கு ஓட்டிச் செல்லுங்கள். இருக்கையைப் பொருத்தி, பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பிறகு வீட்டிலேயே உயரமானவர் முன்சீட்டில் அமர்ந்து பார்க்கட்டும். பொருத்திப் பார்க்க விடாத கடையில் பணம் கட்ட வேண்டாம்.