பள்ளியின் கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கிறோம் என்று வருகிறவர்களிடம் கவனம்: டர்பன் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பள்ளி ஆட்சிக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பள்ளியின் கணினிப் பாதுகாப்பையும் பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பையும் மதிப்பிட்டு, முடிவில் போப்பியா (தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) சான்றிதழும் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிக்கு வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. 18,500 ராண்ட் வாங்கினார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. எங்கள் பிள்ளைகளின் விவரங்களை அவர்களே வெளியில் விட்டுவிட்டார்கள், அதுதான் தாங்கவில்லை.

வந்தவர் ஒரே ஆள். அலுவலக அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பள்ளி வைஃபையில் இணைத்தார், ஒரு ஸ்கேனை ஓடவிட்டார், மதியத்துக்குள் கிளம்பிவிட்டார். அப்புறம் தடியாக ஓர் அறிக்கை வந்தது. புரட்டிப் பார்த்தால் முக்கால்வாசி, எந்த ஐ.பி. முகவரியில் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண்) எந்த போர்ட் (வெளியிலிருந்து தொடர்புகொள்ளும் வாசல்) திறந்திருக்கிறது என்ற பட்டியல்தான். அலுவலக பிரிண்டரை "மிக அதிக ஆபத்து" என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு பக்கத்தின் தலைப்பில் வேறொரு பள்ளியின் பெயர் அப்படியே கிடந்தது. அந்தப் பக்கத்தில் அந்தப் பள்ளியின் நெட்வொர்க் விவரமும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எங்கள் விவரம் யார் கையில் இருக்கிறதோ என்ற பயம் வந்தது.

ஸ்கேன் செய்வது தப்பில்லை. என்மேப், நெசஸ் போன்ற கருவிகளை நல்ல வல்லுநர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் கதவு பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான், சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எங்கள் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லே இன்னும் வேலை செய்தது, அது அறிக்கையில் இல்லை. வேலையை விட்டுப் போன ஆசிரியர்களின் கணக்குகள் மூடப்படவில்லை, அதுவும் இல்லை. பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் எப்போதும் அலுவலகக் கணினியிலேயே செருகியிருக்கிறது. ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் கணினியோடு சேர்த்து பேக்கப்பையும் பூட்டிவிடும். யாராவது அந்த அறையைக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பக்கம். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாதவர்களோடு பேசாதீர்கள், அவ்வளவுதான். ஓர் ஆசிரியரிடமோ ஒரு பிள்ளையிடமோ பேசியதே இல்லை. ஏழாம் வகுப்புப் பெண்ணின் படத்தை எடுத்து யாராவது போலிக் கணக்கு தொடங்கி மிரட்டினால், அவள் முதலில் யாரிடம் போக வேண்டும்? அந்த மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும் என்று யார் அவளுக்குச் சொல்வது? வன்முறை செய்வேன் என்று மிரட்டும் மெசேஜும், ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்புவதும் இந்த நாட்டில் 2021 டிசம்பர் 1 முதல் சைபர் குற்றச் சட்டப்படி குற்றம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் படங்களை யார் போடலாம், பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறதா? ஒரு பள்ளியை மதிப்பிட வருகிறவர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான் என்று நான் நினைக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். அந்த ஆள் எங்கள் பள்ளிச் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில், "டெஸ்ட் பண்ணணும் அக்கா, சா-சாம்ஸ் லிஸ்ட் முழுசா எக்செல்ல அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறார். சா-சாம்ஸ் என்பது பள்ளிகள் மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். பள்ளி அமர்த்திய ஆளாயிற்றே என்று செயலாளரும் அனுப்பினார். அறிக்கையின் கடைசியில் "இணைப்புகள்" என்று ஒரு டிரைவ் லிங்க் இருந்தது. என் போனில் லாக்இன் எதுவும் செய்யாமலே அது திறந்தது. எல்லாப் பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி, பெற்றோரின் போன் எண், யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு என்பதுவரை. கூடவே 13 இலக்க அடையாள எண். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். என் மகளின் விவரமும் அந்தத் திரையில் இருந்தது.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "அண்ணா, அந்த லிங்க் யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அன்று இரவு அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் யார் திறந்தார்கள் என்று கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

முதலில் அவர் எங்களை மடக்கியதே பயம் காட்டித்தான். 2021 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகத்தை ரான்சம்வேர் தாக்கியது, 2023 ஜூலையில் போப்பியாவை அமல்படுத்தும் தகவல் ஒழுங்குமுறை ஆணையம் அந்த அமைச்சகத்துக்கு 50 லட்சம் ராண்ட் அபராதம் போட்டது என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த அபராதத்துக்குக் காரணம், ஆன்டிவைரஸ் உள்ளிட்ட பாதுகாப்பு மென்பொருள்களின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டதும், அதைச் சரிசெய்யச் சொன்ன ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாததும். எங்கள் கணினிகளின் ஆன்டிவைரஸ் உரிமம் எப்போது முடிகிறது என்று அவர் கேட்கவே இல்லை. தங்க விளிம்பு போட்டு ஒரு சான்றிதழ் மட்டும் கொடுத்தார். போப்பியா சட்டத்தில் அப்படிப்பட்ட சான்றிதழே கிடையாது. சட்டம் கேட்பது, பள்ளியின் தகவல் அதிகாரியை ஆணையத்தில் பதிவு செய்வது. பெரும்பாலும் முதல்வர்தான் அந்த அதிகாரி, பதிவுக்குக் கட்டணமும் இல்லை.

அடுத்து யாரையாவது அழைக்கும் பள்ளிகளுக்கு: சோதனை தொடங்குமுன் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுத்தில் அனுமதி கேட்காத ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதே குற்றம் என்பது இந்தத் தொழில் தெரிந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் சார்பில் தகவலைக் கையாளும் வெளி ஆளோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று போப்பியாவே சொல்கிறது. தகவல் எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும், கசிந்தால் உடனே யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை அதில் எழுதுங்கள். அப்புறம், பாதுகாப்பைச் சோதிக்க உண்மையான மாணவர் பட்டியல் எதற்கு? எனக்குத் தெரிந்த எந்தச் சோதனைக்கும் அது தேவையில்லை.

கசிவைப் பற்றி ஆணையத்துக்கும் எல்லாப் பெற்றோருக்கும் பள்ளி எழுதிவிட்டது. அந்தக் கடிதம் பள்ளிக்கு வெட்கம் என்று சிலர் தடுத்துப் பார்த்தார்கள், முதல்வர் விட்டுக்கொடுக்கவில்லை. அவரை நான் மனதார மதிக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "அறிக்கை கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சது" என்று பதில் வந்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தரமில்லாத சேவைக்குப் பணம் திரும்பக் கேட்க இடமுண்டு. ஆனால் பள்ளி போன்ற அமைப்புகளுக்கு ஆண்டு வரவும் சொத்தும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால்தான் அது பொருந்தும். எங்கள் கணக்கர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் மாறி வந்த அந்த இன்னொரு பள்ளியின் முதல்வரையும் அழைத்துச் சொல்லிவிட்டோம். உங்கள் பள்ளிக்கும் இப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால், அதில் இருக்கும் லிங்க்குகளை லாக்இன் இல்லாத ஒரு போனில் இன்றைக்கே திறந்து பாருங்கள்.