டெய்லி போட ஸ்வெட்டர்: காட்டன் ஹூடியா, ஃப்ளீஸா, அக்ரிலிக்கா, உல்லனா?

மதுரைலேர்ந்து மாத்தலாகி ஊட்டிக்கு வந்து எனக்கு இது நாலாவது குளிர்காலம். வந்த மொத மாசமே திருப்பூர் காட்டன் ஹூடி ரெண்டு வாங்கினேன். நல்ல கனம், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 300 கிராம்), உள்பக்கம் மெத்துன்னு இருக்கும், ஒடம்புல குத்தாது, மதுரைல மார்கழிக்குப் போட அதுவே போதும். ஆனா ஊட்டி 2,240 மீட்டர் ஒசரத்துல இருக்கு, இங்க குளிரோட ஈரமும் சேந்து வரும், பருத்தி தண்ணிய குடிச்சா லேசுல விடாது. துவைச்சுப் போட்டு மூணு நாள் ஆகியும் கை ஓரமும் பாக்கெட் அடியும் நசநசன்னே இருக்கும், அப்புறம் ஒரு முக்கல் வாடை வரும். அதனால சூடா இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, சீக்கிரம் காயுமான்னும் பாருங்க, தினம் போடுற துணிக்கு அதுதான் முக்கியம்.

காயுறதுல ஃப்ளீஸ அடிச்சுக்க ஆளில்ல. பாலியஸ்டர்தானே, ராத்திரி அலசி வீட்டுக்குள்ள கொடில போட்டா காலைல போட்டுக்கிட்டு கெளம்பிரலாம். கொறைன்னா காத்து உள்ள பூந்துரும், பைக்ல போறவங்க மேல ஒரு ஜெர்கின் போட்டே ஆகணும், அப்புறம் நெருப்பு ஆகவே ஆகாது, இங்க சாயங்காலம் வாசல்ல தீ போட்டு குளிர் காயுவாங்க, ஒரு பொறி பட்டாலும் உருகி ஓட்டை விழுந்துரும்.

கார்டன் பக்கம் திபெத்தியர் மார்க்கெட்லயும் டவுன் கடைகள்லயும் தொங்குறது நெறைய லூதியானா சரக்கு, பெரும்பாலும் அக்ரிலிக்ங்கற செயற்கை நூல். பாக்க கம்பளி மாதிரியே இருக்கும், கலர் நிக்கும், பூச்சி அரிக்காது, சீக்கிரம் காயும், வெலையும் கைக்கு அடக்கம். தொல்லை என்னன்னா பிசிறு. டேபிள்ல கைய ஊனி எழுதுற எடம், பை வார் ஒரசுற தோள்பட்டை, ரெண்டே மாசத்துல அங்கல்லாம் குட்டி குட்டி உருண்டையா வந்துரும், கையால பிச்சு இழுத்தா நூலும் சேந்து வரும், கத்தரிக்கோலால நுனிய மட்டும் வெட்டுங்க. சூடான இஸ்திரிப் பெட்டிய கிட்டயே கொண்டு போகாதீங்க, பின்னல் தளந்து தொங்கிரும், மறுபடி பழைய ஷேப்புக்கு வராது.

அசல் உல்லன் வேற ரகம். கம்பளி தன் எடைல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஈரத்த இழுத்து வச்சுக்கிட்டும் தொட்டா ஈரமா தெரியாது, சாரல்ல நனைஞ்சாலும் கதகதன்னு இருக்குறது அதனாலதான். வேர்வை நாத்தமும் சீக்கிரம் ஏறாது. ஆனா வெந்நீர்ல போட்டு மெஷின சுத்த விட்டா சுருங்கி சின்னப்புள்ள சைஸாயிரும், பீரோல பூச்சி வரும், முரட்டுக் கம்பளின்னா கழுத்துல அரிக்கும், மெரினோங்கற மெல்லிசான ஆட்டுக் கம்பளி அரிக்காது, ஆனா நம்ம பட்ஜெட்ட தாண்டிரும்.

ஒரு கடைல ப்யூர் உல்லன்னு சொல்லி எங்கிட்ட 1,400 ரூபா வாங்கிட்டாங்க. சந்தேகம் வந்து உள்தையல்ல நீட்டிட்டிருந்த நூல கொஞ்சம் வெட்டி, இடுக்கில புடிச்சு தீக்குச்சி காட்டினேன். கம்பளின்னா முடி பொசுங்குற வாடை வரும், சாம்பல விரல்ல நசுக்கினா பொடியாயிரும். இது உருகி, ஆறினதும் கறுப்பா ஒரு மணி மாதிரி கெட்டியா நின்னுச்சு, நகத்தால அழுத்தினாலும் ஒடையல. அக்ரிலிக்குன்னு சொல்லியே பாதி வெலைக்குக் குடுத்திருந்தா சந்தோஷமா வாங்கியிருப்பேன், பொய் சொன்னதுதான் இன்னிக்கும் ஆறல. அதுலேர்ந்து உள்ள லேபிள படிக்காம நான் காசு எடுக்குறதில்ல.

இப்ப ஆபீஸுக்கு நான் போடுறது 30 பர்சென்ட் உல்லன், மிச்சம் அக்ரிலிக் கலந்த வி-நெக், வீட்டுக்கு ஒரு ஃப்ளீஸ். ஆயிரம் ரூபாக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா கண்ண மூடிட்டு நெருக்கமா பின்னின அக்ரிலிக் எடுங்க, கை முனைய இழுத்து விட்டுப் பாருங்க, டக்குன்னு சுருங்கணும், வெளிச்சத்துல புடிச்சா ரொம்ப சல்லடையா தெரியக்கூடாது. துவைச்சதும் ஹேங்கர்ல மாட்டாதீங்க, தண்ணி கனத்துல நீண்டுரும், ஒரு துண்டுல சுருட்டி அமுக்கிட்டு கட்டில் மேல பரப்பிப் போடுங்க. அப்பா அம்மாக்கு வாங்குறவங்க முன்னாடி பட்டன் வச்சதா பாத்து எடுங்க, தோள்வலியோட கைய தூக்கி தலை வழியா மாட்டுறது அவங்களுக்கு ரொம்ப கஷ்டம்.