‘மோல்ட்டிங்தான், வளந்துடும்’: பட்டன் காடை ஜோடி வாங்குபவர்களுக்கு

‘பிரீடிங் பேர்’, அதாவது குஞ்சு எடுப்பதற்கான ஆண்-பெட்டை ஜோடி, என்று சொல்லி விற்ற பட்டன் காடைகள் (காடையிலேயே மிகச் சின்ன வகை). பெட்டைக்குப் பின்தலையிலிருந்து நடுமுதுகு வரை மொட்டை. ஆணுக்கோ ஒரு இறகுகூடக் கலையவில்லை. கேட்டதற்கு, “மோல்ட்டிங்தான், பத்து நாள்ல வளந்துடும்” என்றார் விற்றவர். மோல்ட்டிங் என்றால் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைப்பது. கூடவே இறகு வளர்வதற்கென்று ஒரு டானிக் பாட்டிலும் பில்லில் ஏறியது. ஆறு வாரத்தில் டானிக் தீர்ந்தது, மொட்டை இன்னும் அகலமானது. திருப்பிக் கொண்டுபோனபோது தீவனத்தின் மேல் பழி. சண்டை போட்டு மாற்றி வாங்கிய வெள்ளை ஜோடியில் இரண்டுமே ஆண்!

கடைப் பெயர் வேண்டாம். ஏமாற்று எந்தெந்த இடத்தில் நடந்தது என்பது தெரிந்தால் போதும்.

முதல் பொய் ‘மோல்ட்டிங்’. இயல்பாக இறகு உதிரும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். ஒன்று விழும் இடத்தில் இன்னொன்று முளைத்துக்கொண்டே இருப்பதால் தோல் பளிச்சென்று தெரியாது. கடையிலேயே பறவையைக் கையில் வாங்கி, மொட்டையின் ஓரத்து இறகுகளை எதிர்ப்பக்கமாக ஊதிப் பாருங்கள். சாம்பல் உறை போட்ட ஊசி மாதிரி குருத்துகள் வரிசையாக நின்றால் மோல்ட்டிங் என்று நம்பலாம். வழவழப்பான சிவந்த தோல், கடுகளவு பொருக்கு, ஓரத்தில் பாதியில் ஒடிந்த தண்டுகள் இருந்தால், உடன் இருக்கும் பறவை பிடுங்கியிருக்கிறது.

மொட்டை இருக்கும் இடமே பாதி கதையைச் சொல்லிவிடும். பின்தலை, முதுகு என்றால் ஜோடிப் பறவையின் வேலை. நெற்றியும் உச்சியும் என்றால் கூண்டுக் கூரை: இவை மிரண்டால் நேர் மேலே பாயும், கம்பியில் மண்டை அடிபடும். கூண்டு உயரம் ஒரு அடிக்குள் இருக்க வேண்டும், அல்லது ஆறு அடிக்கு மேல் இருந்து கூரையில் மெல்லிய வலை கட்டியிருக்க வேண்டும். நடுத்தர உயரம்தான் ஆபத்து. ஆசனவாயைச் சுற்றி இறகடியில் கருப்பாக அழுக்குப் படிந்திருந்தால் உண்ணி. அடைகாக்கும் பெட்டைக்கு வயிற்றில் இறகு உதிர்ந்து தோல் தெரிவது மட்டும் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆண் ஏன் பிடுங்குகிறது? இணை சேரும்போது பெட்டையின் பின்தலை இறகைக் கவ்விக்கொள்வது அதன் வழக்கம். சின்னக் கூண்டு, ஒளிய ஒரு மறைவு கிடையாது, நாளெல்லாம் எரியும் பல்பு என்று வைத்தால் அது ஓயவே ஓயாது. 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைத்தால் ஆணுக்கு வேகம் அடங்காது, பெட்டையும் கிட்டத்தட்ட தினம் ஒரு முட்டை போட்டுத் தேய்ந்துபோகும்.

அடுத்தது அந்தப் பத்து நாள் கணக்கு. வேரோடு பிடுங்கிய இறகுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குருத்து தலை காட்டும், முழுசாக மூட 4 முதல் 6 வாரம். பாதியில் ஒடிந்த இறகு அடுத்த மோல்ட்டிங் வரை அப்படியேதான் நிற்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே கெட்டு, நிரந்தர மொட்டையாகவும் ஆகலாம். ஆணைப் பிரிக்காமல் இந்தக் கணக்கு எதுவும் ஓடாது. விற்றவர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

டானிக் வெறும் வைட்டமின் தண்ணீர். இறகு முழுக்கப் புரதம். தினையை மட்டும் போட்டு வளர்த்த பறவைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? புரதம் 24 சதவீதத்துக்குக் குறையாத காடை ஸ்டார்ட்டர் (குஞ்சுகளுக்கான) தீவனத்தைப் பொடித்துப் போடுங்கள். அதோடு தினம் அரை டீஸ்பூன் வேகவைத்த முட்டை, இரண்டு மூன்று சின்னப் புழு. கணவாய் ஓட்டை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மொட்டைத் தோலில் வேப்பெண்ணெய், மஞ்சள் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு குளிரைத் தாங்காது. காயம் இருந்தால் உப்புத் தண்ணீரால் கழுவினால் போதும், சீழ் வைத்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பிரிக்கும்போது அதே கூண்டின் நடுவில் கம்பி வலை வைத்துப் பிரியுங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும். வெளிச்சத்தை 8 முதல் 10 மணி நேரமாகக் குறையுங்கள். இறகு முழுசாக மூடிய பிறகு, புல் கட்டு, கவிழ்த்த தொட்டி என்று கூண்டை மாற்றி அடுக்கி, பெட்டையை முதலில் விட்டு, மறுநாள் ஆணை விடுங்கள்.

ஜோடி உண்மையில் ஜோடிதானா என்பது தனிக் கேள்வி. சாதாரண நிறத்தில் குழப்பமே இல்லை: ஆணுக்கு நீலச் சாம்பல் மார்பு, தொண்டையில் கருப்பு வெள்ளைப் பட்டை, அடிவயிற்றில் செங்கல் சிவப்பு, பெட்டை பழுப்பு வரி. வெள்ளையில் இந்த அடையாளம் எதுவும் தெரியாது, ஏமாற்ற வசதியானதும் அதுதான். கூவலையோ முட்டையையோ பார்க்காமல் வெள்ளை ஜோடிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

காலையும் திருப்பிப் பாருங்கள். நாம் வளர்க்கும் பட்டன் காடைக்குப் பின்விரல் உண்டு. மூன்று விரல்தான், பின்விரலே இல்லை என்றால் அது டர்னிக்ஸ் இனக் காட்டுப் பறவை. ஆங்கிலப் பெயர் ஒன்றாக இருப்பதால் வலையில் பிடித்ததைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். காட்டிலிருந்து பிடித்த பறவையை வாங்குவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மறுபடி சேர்த்த அன்றே ஆண் பிடுங்க ஆரம்பித்தால் அந்த இரண்டும் ஒத்துவராது, தனித்தனியாகவே வையுங்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரமே வேறொருவருக்கு அது ‘பிரீடிங் பேர்’ ஆகப் போய்ச் சேரும்.