குழித்துறை ஆற்றங்கரை விடுதியும் ஒரு சருவம் வெந்நீரும்

வளைகுடாவில் கோடை வந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைப் பொசுக்கும். ஹீட்டரை அணைத்துப்போட்டு, அதற்குள் ஆறிக்கிடக்கும் தண்ணீரில்தான் குளியல். அந்தப் பழக்கத்தோடு ஊருக்கு வந்து, கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை ஆற்றங்கரையில் 1956-க்கு முந்திய திருவிதாங்கூர் காலத்து ஓட்டுக் கட்டட விடுதியில் அறை எடுப்பவர்களுக்கு முதல் நாள் காலையே ஆத்திரம் வரும். கீசர் என்னவோ புத்தம் புதுசு. 3 லிட்டர், 3 கிலோவாட். குழாயைத் திறந்தால் தோலை உரிக்கிற சூடு, அடுத்த நிமிடம் பச்சைத்தண்ணீர், மறுபடி சூடு.

குற்றம் கீசர்மேல் இல்லை. மாடியறை ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே 2 மீட்டர் உயரம்கூட இல்லை. 10 மீட்டருக்கு 1 பார் அழுத்தம் என்றால் இங்கே 0.2 பார்கூடத் தேறாது. போதாததற்குப் பழைய இரும்புக் குழாய். கழற்றிப்போட்ட எல்போ (குழாய் திரும்பும் வளைவுத் துண்டு) ஒன்று கிணற்றடியில் கிடக்கிறது. முக்கால் இன்ச் வாயில் துரு அடையடையாய்ப் பிடித்து, பென்சில் நுழையத்தான் இடம் மிச்சம். தண்ணீர் ஓடாமல் கீசருக்குள்ளேயே கொதிக்க, தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிடுகிறது. ஆறினால் திரும்பவும் போடுகிறது.

25 லிட்டர் பிடிக்கும் கீசரும், வெந்நீர் தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாயும் போட்டாலே பாதித் தொல்லை தீரும். தொட்டியை இன்னும் 3 மீட்டர் தூக்க நினைத்தால் தரையிலிருந்தே இரும்புக் கால் எழுப்ப வேண்டும். 1000 லிட்டர் என்பது ஒரு டன். அதைப் பழைய சுவர்மேல் ஏற்றக் கூடாது. இத்தனை அழகான கட்டடத்தில் இதைக் கவனிக்காமல் விட்டிருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் சமையல்கட்டுப் பின்வாசலில் பழைய வெந்நீர் அடுப்பு இன்னும் எரிகிறது! கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) வைத்துப் பற்றவைத்து, கதம்பை (தேங்காய் மட்டை) தள்ளி, செம்புச் சருவம் என்கிற பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது. "எத்தன வாளி வேணும் மக்களே?" என்று கேட்டு, மாடிவரை சுமந்து வந்து வைக்கிறார் அங்குள்ள அண்ணாச்சி. 20 லிட்டர் கொதிநீரில் 80 லிட்டர் பச்சைத்தண்ணீர் விளாவினால் ஆறு வாளிக்கு மேல் வரும். மூன்று பேர் தாராளமாகக் குளிக்கலாம். அந்தப் புகைமணம் எந்த நாட்டு ஹீட்டரிலும் வராது.

முந்தின நாள் ராத்திரியே சொல்லிவைக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குப் பலியிடும் வாவுபலி நேரத்தில் போகிறவர்கள் விடியுமுன் வாளியோடு இறங்கிவிடுவது நல்லது, சருவம் ஒன்றுதான்.