சண்டர்லாந்தில் முன்னோர் தேடல்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டர்லாந்து மாதிரி ஒரு கப்பல் கட்டும் ஊரில் குடும்ப வேர் தேட, பழைய பதிவுகளைக் காட்டும் இணையதளங்களுக்கு வருடச் சந்தா வேண்டியதே இல்லை. இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் அலசிவிட்டு, விடை தெரியாத கேள்விகளை ஒரு நோட்டில் சேர்த்து வைத்து, ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி உட்கார்ந்து முடித்துவிடுவதுதான் லாபம். பல வருடமாக இதில் கிடக்கிறேன். இப்போது நான் செய்வது அப்படித்தான்.

தேடுவது என் பக்கத்து ஆட்களை அல்ல. கணவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக சண்டர்லாந்துக்காரர்கள். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், வியர் ஆறு கடலில் விழும் இடத்தில் இருக்கிற ஊர். 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய கப்பல் கட்டும் ஊர் என்று பெயர் வாங்கியது. 1840 வாக்கில் ஆற்றங்கரை நெடுக அறுபதுக்கு மேல் யார்டுகள், பலவும் நாலைந்து பேர் சேர்ந்து மரத்தில் கப்பல் கட்டிய சின்னச் சின்னத் தளங்கள். அப்புறம் இரும்பு வந்தது, டாக்ஸ்ஃபோர்டு, லாயிங், பார்ட்ரம், தாம்சன் என்று பெரிய பெயர்கள் வந்தன. 1988இல் மிச்சமிருந்த யார்டையும் மூடுவதாக அறிவித்தார்கள். மாமனார் பேலியன் யார்டில் வெல்டராக இருந்தவர். வீட்டில் இந்த ஆராய்ச்சிக்கு முதல் வாசகர் அவர்தான், முதல் எதிர்க்கட்சியும் அவர்தான்.

இந்த ஊர்களில் இறங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: யார்டில் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே இருக்கிறது? நியூகாஸிலில் டிஸ்கவரி மியூசியம் கட்டடத்திலேயே டைன் அண்ட் வியர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. வியர் யார்டுகளின் காகிதங்கள் நிறைய அங்கேதான். ஆனால் அவை பெரும்பாலும் கப்பல்களின் காகிதங்கள். வரைபடம், விலைக் கணக்கு, வெள்ளோட்டப் படம் என்று கப்பலைப் பற்றி எல்லாம் உண்டு. அதில் ஆணி அடித்தவன் பெயர் கிடைப்பது அபூர்வம். தொழிலாளியின் கூலிப் புத்தகத்தைக் காப்பாற்றி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே யார்டு வழியாக ஆளைப் பிடிக்க முடியாது, ஆளைப் பிடித்த பிறகுதான் யார்டுக்குப் போக முடியும். இது தெரியாமல் காப்பகத்துக்கு முதல் நாளே போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

இலவச வகையில் நான் இன்றும் தினமும் திறப்பது இரண்டு. ஒன்று ஃப்ரீ பிஎம்டி. 1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பதிவின் பிறப்பு, திருமண, இறப்புப் பட்டியலைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று பொதுப் பதிவு அலுவலகத்தின் சொந்தப் பட்டியல். கணக்குத் தொடங்கினால் போதும், தேடக் காசு இல்லை. பழைய பட்டியலில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911க்குப் பிறகுதான் வரும். 2016இல் வந்த இந்தப் புதுப் பட்டியலில் அது 1837இலிருந்தே இருக்கிறது. சண்டர்லாந்து மாதிரி, ராப்சனும் தாம்சனும் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற ஊரில் இது பெரிய வரம். தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், சண்டர்லாந்து பதிவு மாவட்டம் என்று மூன்றையும் கொடுத்தால் அந்தத் தம்பதியின் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்கிறார்கள், இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு நடுவில் பிறந்து இறந்துபோன குழந்தைகள் உட்பட. 1911 கணக்கெடுப்புப் படிவத்தில் மணமான பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை போய்விட்டது என்று எழுத வேண்டும். அந்த எண்ணும் இந்தப் பட்டியலும் பொருந்துகிறதா என்று பார்த்தால், பிடித்த குடும்பம் சரியானதுதானா என்று தெரிந்துவிடும். பழைய பிறப்புப் பதிவுகளை இப்போது படமாகவே வாங்கலாம். முழுச் சான்றிதழ் விலையில் கால்வாசிதான் ஆகும். எனவே சந்தேகம் இருந்தால் வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.

பெயர் உதவாத இடத்தில் தொழில் உதவும். ஆனால் அந்தத் தொழில்களைப் படிக்கத் தெரிய வேண்டும். கணக்கெடுப்புத் தாளில் வெறும் 'ஹோல்டர் அப்' என்று ஒருவருக்கு எழுதியிருந்தது. மாமனார் சிரித்துக்கொண்டே சமையலறை மேசையில் உப்பு, மிளகுப் புட்டிகளை வைத்து விளக்கினார். ஒரு பையன் உலையில் ரிவிட்டை, அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணியை, பழுக்கக் காய்ச்சித் தூக்கிப் போடுவான், இன்னொருவன் பிடித்து ஓட்டையில் செருகுவான். உள்பக்கம் ஹோல்டர் அப் கனமான சுத்தியலால் அதை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொள்வார். வெளியே இரண்டு ரிவிட்டர்கள், ஒருவர் வலக்கை, ஒருவர் இடக்கை, மாறி மாறி அடித்துத் தலையைப் பரப்புவார்கள். அடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதனால் அண்ணன் தம்பி, மச்சான் என்று வேண்டிய ஆட்களையே குழுவில் சேர்ப்பார்களாம். இதைக் கேட்ட பிறகு நான் ஒரே தெருவில் இருக்கிற ரிவிட்டர்களை எல்லாம் குறிக்கத் தொடங்கினேன். 1901இல் மாமனாரின் பெரிய தாத்தா, பதினான்கு வயது, 'ரிவிட் ஹீட்டர்'. இரண்டு வீடு தள்ளி ஒரு ஹோல்டர் அப். அவர் அந்தப் பையனின் அம்மாவுடன் பிறந்தவர் என்பது திருமணப் பதிவைப் பார்த்ததும் உறுதியானது. தாய்மாமன் வழியாகத்தான் அந்தக் குடும்பத்தின் பெண் பக்கமே எனக்குத் திறந்தது.

பணம் கட்டிப் பார்த்ததில் முழு மதிப்பும் கிடைத்தது 1921 கணக்கெடுப்பில். 2022 ஜனவரியில் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் வெளியானது. அதில் முதலாளி யார், வேலை இடம் எது என்று எழுதும் கட்டம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஒரு கூடுதல் தகவல். கப்பல் ஊர்க்காரர்களுக்கோ யார்டின் பெயரே அதில் கிடைத்துவிடுகிறது. மாமனாரின் தாத்தா பெயருக்கு நேரே ரிவிட்டர், டாக்ஸ்ஃபோர்டு, பேலியன், அடுத்து 'வேலையில்லை'. ஏப்ரலில் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு வேலைநிறுத்தக் கலவரங்களால் தள்ளிப்போய் ஜூன் 19ஆம் தேதி நடந்தது. போர்க்காலத்துக் கப்பல் தேவை அதற்குள் வடிந்துவிட்டிருந்தது. அந்தத் தெருவில் வேலையில்லை என்று எழுதியவர் அவர் மட்டும் அல்ல. யார்டின் பெயர் தெரிந்ததும் சண்டர்லாந்து ஷிப்ஸ் தளத்தில் அந்த வருடங்களில் அங்கே எந்தெந்தக் கப்பல் இறங்கியது என்று பார்க்கலாம், காசு இல்லை. தாத்தா இந்தக் கப்பலில்தான் ரிவிட் அடித்தார் என்று சொல்ல முடியாது. இந்தக் கப்பல்களில் ஏதோ சிலவற்றில் அடித்தார் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பெரிய ஓட்டை. 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் போயிற்று, 1941இல் போரால் எடுக்கவே இல்லை. நடுவில் இருப்பது போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29ஆம் தேதி எடுத்த மக்கள் பதிவேடு மட்டும். அதில் பிறந்த தேதி முழுசாக இருப்பது நல்லது. பெண்களின் பெயரை அடித்து, பின்னால் மணமானதும் வந்த பெயரை மேலே எழுதியிருப்பது அதைவிட நல்லது.

சரி, குறைகள். நான் நீண்ட நாள் சந்தா கட்டிய ஒரு தளத்தில், பெயர் வேண்டாம், ஆற்றின் வடகரையில் இருக்கிற மங்க்வியர்மத் என்ற ஊரின் பெயரைப் படியெடுத்தவர்கள் எழுதியிருக்கும் விதங்களைத் தொகுத்தால் தனிப் புத்தகம் போடலாம். படத்தைத் திறந்தால் கையெழுத்து தெளிவாகவே இருக்கும். ஆகவே பிறந்த ஊரைத் தேடல் கட்டத்தில் போடாதீர்கள், வயதையும் முதல் பெயரையும் மட்டும் போட்டுத் தேடுங்கள். அதைவிட எரிச்சல், 'உங்கள் முன்னோர் இவராக இருக்கலாம்' என்று தளமே நீட்டும் குறிப்புகள். ஒரே பெயர், ஒரே வயது, இருவருமே கப்பல் தச்சர். ஒருவர் ஆற்றின் வடகரை, மற்றவர் தென்கரை. யாரோ ஒருவர் தன் குடும்ப மரத்தில் இருவரையும் ஒரே ஆளாக்க, அதைப் பார்த்துப் பத்துப் பேர் நகல் எடுக்க, இப்போது தளம் அதையே ஆதாரமாக எனக்குக் காட்டுகிறது. சேவை மையத்துக்கு எழுதினேன். அந்த மரங்களை அவரவர்தான் திருத்த வேண்டும் என்று பதில் வந்தது.

இன்னொரு விஷயம் சந்தா விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். கப்பல் வேலைக்காரன் ஒரே ஊரில் கிடக்க மாட்டான். வியரில் வேலை மந்தமானால் வேறு கப்பல் கட்டும் இடங்களைத் தேடி டைனுக்குப் போவான், பாரோவுக்குப் போவான், கிளைடுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் போவான். பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசைப்படுத்தினாலே அந்தப் பயணம் தெரியும். கிளைடு ஸ்காட்லாந்து. அந்தப் பதிவுகளின் மூலப் படங்கள் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்தில், ஒவ்வொரு படத்துக்கும் தனிக் காசு. பெல்ஃபாஸ்ட் என்றால் அதிர்ஷ்டம்: 1901, 1911 அயர்லாந்துக் கணக்கெடுப்பு முழுவதும் இலவசம். ஆனால் வெளியூர் ஆளுக்கு பிறந்த இடம் வெறும் 'இங்கிலாந்து' என்றுதான் இருக்கும். ரிவிட்டரின் தம்பியை அங்கே நான் கண்டுபிடித்தது மனைவி, பிள்ளைகள் பெயரையும், மெதடிஸ்ட் என்ற மதக் கட்டத்தையும் வைத்துத்தான்.

1837க்கு முன்னால் போகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு புதையல் இருக்கிறது. ஷூட் பாரிங்டன் என்பவர் டர்ஹாமின் பிஷப்பாக இருந்தபோது, தன் ஆளுகைக்குள் இருந்த தேவாலயங்கள் ஞானஸ்நானத்தை விரிவாகப் பதிய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1798 முதல் 1812 வரை அப்படி எழுதினார்கள். வேறு ஊர்களில் அந்தக் காலத்து வரி 'இன்னாரின் மகன் இன்னார்' என்பதோடு முடிந்துவிடும். இங்கே குழந்தை பிறந்த தேதி, எத்தனையாவது மகன், தகப்பனின் தொழில், தகப்பனின் சொந்த ஊர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தாயின் சொந்த ஊர் எல்லாம் ஒரே வரியில். 1813இல் அச்சடித்த படிவம் நாடு முழுக்க வந்தது, சொந்த ஊரும் தாய்வீட்டுப் பெயரும் போயிற்று. உங்கள் ஆள் 1812க்கு முன் பிறந்தாரா, பின் பிறந்தாரா என்பதைப் பொறுத்து ஒரு தலைமுறையே கூடும் அல்லது குறையும். முதல் பிள்ளை 1814இல் பிறந்திருந்தால் சோர்ந்துவிடாமல் தகப்பனின் அண்ணன் தம்பிகளைப் பாருங்கள்.

எங்களுக்கு 1803 வாய்த்தது. மங்க்வியர்மத், மூன்றாவது மகன், தகப்பன் கப்பல் தச்சர், சொந்த ஊர் விட்பி. தாய் உள்ளூர்ப் பெண். விட்பி யார்க்‌ஷயரில் இருக்கிறது என்பதால் மாமனாருக்கு அது ரசிக்கவில்லை. எழுத்தர் தப்பாக எழுதியிருப்பார் என்றே இன்னும் சொல்கிறார்.

தாய் உள்ளூர்ப் பெண் என்பதில் சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் மங்க்வியர்மத்தின் பழைய பதிவேடுகள் 1790இல் தீயில் எரிந்துவிட்டன. அதற்கு மாற்று, தேவாலயங்கள் வருடா வருடம் பிஷப்புக்கு அனுப்பிய நகல்கள். டர்ஹாம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன, ஃபேமிலிசர்ச் தளத்தில் படங்களாகவும் இருக்கின்றன. பெயர் போட்டுத் தேடினால் சில வரும், பல வராது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

வரைபடத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்தின் பழைய நில அளவை வரைபடங்களையும் இலவசமாக வைத்திருக்கிறது, இன்றைய படத்தின் மேல் பொருத்திப் பார்க்கலாம். பார்பரி கோஸ்ட் என்று ஊரார் கூப்பிட்ட வடகரைச் சந்துகள் குடிசை அகற்றலிலும் குண்டுவீச்சிலும் மறைந்துவிட்டன. முகவரியை வைத்து இன்றைக்குப் போனால் ஒன்றும் இருக்காது. பழைய வரைபடத்தில் அந்தச் சந்தும், முனையில் ஒரு மதுக்கடையும், எதிரே யார்டின் சுவரும் இருக்கின்றன. தாத்தா டாக்ஸ்ஃபோர்டுக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது என்பதே அதைப் பார்த்துத்தான் உறைத்தது.

செய்தித்தாளுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ். சண்டர்லாந்து எக்கோ 1873இல் தொடங்கிய நாளேடு. கப்பல் இறக்கியது, சாரத்திலிருந்து விழுந்தது, விசாரணை மன்றம் என்ன சொன்னது எல்லாம் அதில் உண்டு. ஆள் பெயரைவிடத் தெருப் பெயரும் 'ரிவிட்டர்' என்ற சொல்லும் போட்டுத் தேடினால் நன்றாக அகப்படுகிறது. இதற்கும் ஒரு மாதம் போதும்.

நேரில் போக நினைப்பவர்களுக்கு ஒரு குழப்பம்: 1974இல் சண்டர்லாந்து டர்ஹாம் கவுன்ட்டியிலிருந்து டைன் அண்ட் வியருக்குப் போனது. ஆனால் ஆங்கிலிக்கன் தேவாலயப் பதிவேடுகள் டர்ஹாமில்தான், 2024இல் திறந்த 'தி ஸ்டோரி' என்ற புதுக் கட்டடத்தில். மெதடிஸ்ட் முதலான மற்ற சபைகளுடையதற்கும் யார்டு காகிதங்களுக்கும் நியூகாஸில். இரண்டு இடத்துக்கும் வேண்டிய பெட்டியை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். சந்தாவே வேண்டாம் என்பவர்கள் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள். ஆன்செஸ்ட்ரி அல்லது ஃபைண்ட்மைபாஸ்ட்டை நூலகக் கணினியில் இலவசமாகப் பார்க்கப் பல இடங்களில் விடுகிறார்கள். என் அடுத்த ஒரு மாதச் சந்தா விட்பிக்கு. யார்க்‌ஷயர் தேவாலயப் பதிவேடுகள் ஃபைண்ட்மைபாஸ்ட்டில் நிறைய இருக்கின்றன. மழைக்காலம் வரட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.